முதல் மழையில் மூடிக் கிடந்த மதகு

சிலரைப் பற்றி, வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்று சொல்வார்கள். என் அத்தான் அந்த ரகம் இல்லை. என் இடது காதில் மேல்பாதி கிடையாது. அதைக் கடித்துச் சேற்றில் துப்பியவர் அவர்தான். தையல் போட்ட டாக்டர், "நாயா?" என்று கேட்டார். "இல்லைங்க, அக்கா வீட்டுக்காரர்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அவரைக் கடப்பாரை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வளைய மாட்டார், உடைக்கத்தான் லாயக்கு என்று அர்த்தம். பெயர் வைத்தது நான். அதற்கும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். அது சின்ன அடி, உதடு மட்டும்தான் கிழிந்தது.

நாங்கள் வேலை பார்த்தது ஆற்றோரத்தில் இருக்கிற ஒரு கல் அரைக்கும் ஆலையில். கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, கழுவி, மணல் என்று விற்போம். கழுவின தண்ணீர் கல்மாவையெல்லாம் சுமந்துகொண்டு சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்து வரும். அதை அப்படியே ஆற்றில் விடக் கூடாது. அதற்காகவே மண்கரை கட்டின பெரிய தொட்டிகள் வரிசையாக உண்டு. ஒன்றில் தேங்கி, அடுத்ததில் வழிந்து, மாவு அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீர் மட்டும் ஆற்றுக்குப் போக வேண்டும். கடைசித் தொட்டியின் ஆற்றுப்பக்கம் ஒரு மதகு. இரும்புப் பலகை, அதைத் தூக்கி இறக்க மரை போட்ட தண்டு, தண்டின் தலையில் ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தைத் திருப்புகிற வேலை அத்தானுக்கு. அத்தானை வேலை வாங்குகிற வேலை எனக்கு. இரண்டில் எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தொட்டிகள் சேற்றால் நிரம்பிவிடும். கோடையில் பொக்லைன் வைத்து அள்ளி, லாரியில் ஏற்றி, கைவிட்ட குவாரிக் குழியில் கொட்ட வேண்டும். முதலாளி அள்ளவிட மாட்டார். "மிஷினை அங்க நிறுத்திட்டா இங்க கல்லை யாரு அள்ளுவா? மழை வரட்டும்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோடை முடிந்து முதல் பெருமழை அடிக்கும்போது ஆறே செம்மண்ணாகக் கலங்கி ஓடும். அந்த நேரம் பார்த்து மதகை முழுசாகத் தூக்கிவிட்டால், ஒரு வருஷத்துச் சேறும் மழையோடு மழையாகப் போய்விடும். எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் கலங்கின ஆறுதான் தெரியும். காதும் காதும் வைத்தாற்போல் முடிகிற வேலை. அந்த ஆற்றோரத்து ஆலைகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். 'தொட்டி கழுவுவது' என்போம்.

அத்தான் முதலில் ஆலைக்கு வந்தது தொட்டிக்குள் இறங்கிச் சேறு தள்ளத்தான். ஒருநாள் கரை சரிந்து அவர்மேல் விழுந்தது. அப்போது மேஸ்திரியாக இருந்த என் அப்பா, தலைமுடியைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டு, தொண்டைவரை விரலை விட்டுச் சேற்றைத் தோண்டி எடுத்தார். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்த மனுஷன் செய்த முதல் காரியம் அப்பாவின் முகத்தில் ஒரு குத்து. முன்பல் போயிற்று. "கழுத்தை நெரிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார் அப்புறம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் அக்கா, தொட்டிக்கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகாவது அடங்குவார் என்று பார்த்தோம். எங்கே! கரைமேல் லாரியைப் பின்னால் எடுத்த டிரைவரை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார். எடைமேடைக்காரர் ஏதோ முணுமுணுத்தார் என்று அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கிச் சரிவில் உருட்டிவிட்டார். அக்காவிடம் மட்டும் கை நீட்டியதில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். ஆலைச் சமையல்கட்டில் அண்டா தூக்குகிற கை அவளுடையது. நீட்டின கை முழுசாகத் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மீன் மேடம் வந்து சேர்ந்தார். ஆற்று மீன்களைக் கவனிக்கிற துறை அதிகாரி, ஒல்லியான அம்மா, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கோடைத் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், மதகுப் பக்கம் குனிந்து கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புட்டிகள் இருந்த பையைப் பிடுங்கித் தொட்டிக்குள் எறிந்தார்.

அந்த அம்மா நேராகத் தொட்டிக்குள் இறங்கினார். இடுப்புவரை புதைந்தார். பையைத் தேடி எடுத்துக்கொண்டு கரையேறி, சேறு சொட்டச் சொட்ட அதாலேயே அத்தான் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். உள்ளே புட்டிகள் நொறுங்கின. அத்தானின் புருவம் பிளந்து இரத்தம் கன்னத்தில் வழிந்தது. அந்த அம்மாவின் கதை முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

"பரவால்லையே" என்றார் அத்தான், இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "என்ன வேணும் உங்களுக்கு?"

அடித்தால்தான் அவருக்கு ஆளை மதிக்கத் தெரியும். நான் அடிக்காமல் விட்டதுதான் தப்போ என்னவோ.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மதகுக்குக் கீழே ஆற்று வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கூழாங்கல் படுகை. அதற்கு மேலே தடுப்பணை இருப்பதால் மீன் ஏற முடியாது. அதற்குக் கீழே எல்லாம் நாங்கள் வருஷா வருஷம் கழுவிவிட்ட மாவு இறுகிக் கிடந்தது. அந்த வளைவில் மட்டும் தண்ணீர் அடித்துத் திரும்புவதால் கல் கொஞ்சம் கல்லாக மிஞ்சியிருந்தது. கல்கெண்டை என்று ஒரு மீன், உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வேறு எந்த ஆற்றிலும் அது இல்லையாம். கோடைத் தூறலுக்கு அந்தப் படுகைக்கு வந்து கல்லுக்கு அடியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும்.

மேடம் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். கண்ணாடி போல முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கரும்புள்ளியாக ஒரு கண். கரையோரம் மாவு படிந்த இடத்திலிருந்து இன்னொரு கல்லை எடுத்தார். அதில் முட்டைகள் வெள்ளை வெளேரென்று பஞ்சு பூத்துக் கிடந்தன.

"முட்டைக்கும் மூச்சு உண்டுங்க" என்றார். "ஓடுற தண்ணிதான் அதுக்குக் காத்து. மழைத் தண்ணி கலங்கினாலும் ஓடிப் போயிடும். நீங்க திறந்து விடுற மாவு அப்படியே மேல படிஞ்சு இறுகிடும். உள்ளயே மூச்சு முட்டிச் செத்துடுது."

அத்தான் அந்தச் செத்த கல்லைக் கையில் வாங்கினார். முகத்தில் இரத்தமே இல்லை, புருவத்தில் வழிந்ததைத் தவிர. இன்னொரு கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. சேற்றுக்குள் கிடந்த ஆள் அவர். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"எப்ப வரைக்கும் மூடி வச்சிருக்கணும்?" என்று கேட்டார்.

"முதல் பெருமழை தாண்டணும். குஞ்சு வெளிய வந்துட்டா போதும். இந்த வருஷமும் போச்சுன்னா அவ்வளவுதான், இனிமே முட்டை போடக் கிழட்டு மீனுங்ககூட இருக்காது."

அங்கிருந்து அத்தான் நேராக முதலாளி அறைக்குப் போனார். தொட்டியை இப்போதே அள்ள வேண்டும் என்றார். மழை வரட்டும் என்றார் முதலாளி. அத்தான் மேசைக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தார். முதலாளியின் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தைக் கண்ணாடித் தூளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காவலாளி பின்னாலிருந்து இரும்புக் குழாயால் தோளில் போட்ட பிறகுதான் பிடி விட்டது. முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, "உன் மாமன் மச்சான் விவகாரம். மழை வந்தா மதகு தொறக்கணும். தொறக்கலைன்னா ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய போகலாம்" என்றார். எனக்கு வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள். கல்கெண்டை எனக்குச் சொந்தமா, பந்தமா?

அத்தான் அன்றைக்கே மதகுச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்தார். அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. வானம் இருட்டி, கொட்டு கொட்டென்று கொட்டியது. ஏற்கெனவே விளிம்புவரை சேறு நின்ற தொட்டிகளில் தண்ணீர் தளும்பியது. முதலாளி போனில், "கழுவு" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். நான் வெல்டரைக் கூட்டிக்கொண்டு, ஆள் உசரத்துக்குக் குழாய்த் திருகி ஒன்றையும் தூக்கிக்கொண்டு மதகுக்கு ஓடினேன். சக்கரம் இல்லாவிட்டால் தண்டையே பிடித்துத் திருகிவிடலாம்.

மதகுமேல் அத்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் கடப்பாரை. அவரும் அதுவும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தால் எது எது என்று தெரியாது.

"விலகுங்க அத்தான்."

"போடா மச்சான்."

"கரை தாங்காது. ஒடைஞ்சா ஆத்துப் பக்கம்தான் ஒடையும். அப்ப மொத்தச் சேறும் போய் உங்க மீன்மேலதான் விழும். கொஞ்சம் கொஞ்சமா விட்டா தேவலை இல்ல? மூளை வேலை செய்யுதா உங்களுக்கு?"

அவர் தொட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து வெல்டர் பக்கவாட்டில் ஏறித் திருகியைத் தண்டில் மாட்டினார். கடப்பாரை இறங்கியது. முன்கை எலும்பு முறிகிற சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது. வெல்டர் அலறிக்கொண்டு கரையில் உருண்டார். நான் அத்தானின் இடுப்பைக் கட்டிப் பிடித்து மதகிலிருந்து கீழே தள்ளினேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவர் தலையைப் பிடித்துச் சேற்றுக்குள் அழுத்தினேன். ஆமாம், அழுத்தினேன், என் வேலையைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவர் புரண்டு மேலே வந்தார். முழங்கால் என் வயிற்றில். பிறகு காதோரம் சூடாக ஒரு மூச்சு. அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

நான் காதைப் பொத்திக்கொண்டு புழுவாய்த் துடித்தேன். அவர் வாயெல்லாம் என் இரத்தத்தோடு எழுந்து நின்று, ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தொட்டிக்கரையைப் பார்த்தார். அந்தக் கரைக்குக் கீழே பள்ளத்தில் ஆலைக் குடியிருப்பு. தகரக் கூரை வீடுகள், அவற்றுக்கு அப்பால் ஆலையின் கருங்கல் மதில். சேறு அங்கே விழுந்தால் மதிலைத் தாண்டி ஆற்றுக்குப் போகாது. ஒடைஞ்சா ஆத்துப் பக்கம்தான் ஒடையும் என்று அவருக்கு யோசனை கொடுத்ததே என் வாய்தான். வேறு பக்கம் உடைத்துவிட்டால்?

"அத்தான், வேணாம்! உங்க வீடுதான் முதல்ல இருக்கு!"

"என் வீடுதானேடா? போகட்டும்!"

அந்த நேரத்தில் குடியிருப்பில் ஒரு ஈ காக்காய் இருக்காது. எல்லோரும் வேலையில். அக்கா சமையல்கட்டில். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் கரையின் நெற்றியில் குத்தினார். வெறி பிடித்த மாதிரி குத்தினார். ஒரு சின்ன வாய்க்கால் விழுந்தது. பிறகு தண்ணீரே அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கரை பொத்தென்று உட்கார்ந்தது. ஒரு வருஷத்துச் சேறு பெரிய சத்தத்தோடு பள்ளத்தில் இறங்கி, முதல் வீட்டின் சுவரில் மோதி, சுவரை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று.

அத்தான் சிரித்தார். கடப்பாரையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா தலைவிரி கோலமாக மேட்டிலிருந்து ஓடிவந்தாள். "ஐயோ, அக்கா இப்பத்தான் வீட்டுக்குப் போனாங்களே! நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்கன்னு கேட்டுச் சக்கரத்தை எடுத்துட்டு வரேன்னு போனாங்களே!"

அக்கா என்ன நினைத்துப் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சக்கரத்தை என்னிடம் கொடுத்துவிட்டால் சண்டை முடியும், புருஷனுக்கு மண்டை தப்பும், தம்பிக்கு வேலை தப்பும்.

நாங்கள் எப்படி இறங்கினோம் என்று நினைவில்லை. இடுப்பளவு சேற்றில் விழுந்து எழுந்து போனோம். அத்தான் கூரைத் தகரத்தை வெறுங்கையால் கிழித்தார். விரல்கள் பிளந்தன. உள்ளே கட்டில் நிமிர்ந்து கதவோடு சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் அக்காவின் தலைமுடி மட்டும் தெரிந்தது. அவர் ஒரு மிருகம் மாதிரி ஊளையிட்டார். நான் கட்டிலைத் தூக்க, அவர் அவளை அக்குளுக்கடியில் பிடித்து இழுக்க, சேறு அவளை விடவில்லை. சேற்றைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், அழுதேன். கடைசியில் வந்தாள். முகம் நீலம். அவர் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார், மறுபடி தோண்டினார், முதுகில் அறைந்தார். கல்மாவாக வாந்தி எடுத்தாள். மூச்சு ஒரு கிறீச்சலோடு உள்ளே போயிற்று. சக்கரம் அவள் கையிலேயே இருந்தது. அவ்வளவு நடந்தும் அவள் அதை விடவில்லை.

இருமி முடித்து, மழையில் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"கரையை வெட்டினது நீதானே?"

"ஆமா."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா வெட்டியிருப்பியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குக் காது அறுந்து இரத்தம் கொட்டுகிறது, வெல்டர் மேலே கை முறிந்து கதறுகிறார், ஆனாலும் நான் அந்த ஒரு வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். ஆற்றுப் பக்கம் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"தெரியல" என்றார்.

அக்கா சக்கரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவர் வாயிலேயே போட்டாள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. பற்கள் சேற்றில் விழுந்தன. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வீட்டுக்குப் போலாம் தம்பி" என்றாள். அவள் சொன்னது என் வீட்டை.

அந்த வருஷம் குஞ்சு பொரிந்தது. மேடம் வந்து சொன்னார். வளைவில் தண்ணீருக்கு அடியில் ஊசி ஊசியாக நீந்துவதைப் பார்த்து அந்த அம்மா கண் கலங்கியதாகக் கேள்வி. முதலாளி ஆள் வைத்து அத்தானைப் பிடித்து, விலா எலும்பையும் ஒரு முழங்காலையும் உடைத்துப் போட்டார். விவகாரம் முற்றி, மேடம் மேலே எழுதி, கோடையில் தொட்டி அள்ளாமல் கழுவும் தளத்தை ஓட்டக் கூடாது என்று எல்லா ஆலைகளுக்கும் உத்தரவு வந்தது. வேலை எனக்குத் தப்பியது. இப்போது கோடையில் பொக்லைன் தொட்டியில்தான் நிற்கிறது. நான்தான் வெயிலில் நின்று அள்ளவைக்கிறேன். மழைக்கு முன்னால் மதகுப் பலகையை வெல்டரே வந்து பற்றவைத்துவிட்டுப் போகிறார், கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால். ஆறு தெளிந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

அத்தான் வளைவுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் கிடக்கிறார். நொண்டுகிறார். படுகைப் பக்கம் லாரியைக் கழுவ இறக்குகிறவர்களின் வண்டிக் கண்ணாடியைக் கல்லால் உடைப்பது அவருடைய தற்போதைய உத்தியோகம். அக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பார்வை ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கமே போகும். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் கொட்டகைக்குப் போனேன்.

"அன்னிக்கு ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை. இல்லைன்னு" என்றேன்.

பொக்கை வாயால் கொஞ்ச நேரம் காற்றை மென்றார். "இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன் மச்சான்" என்றார்.

அறைந்தேன். ஆத்திரம் தீர அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா சோற்றுத் தட்டோடு வாசலில் நின்றாள். என் கை சிவந்திருந்ததைப் பார்த்தே எங்கே போயிருந்தேன் என்று தெரிந்துகொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். "அழுதாருக்கா. நீ உள்ள இருந்தது தெரிஞ்சிருந்தா கடப்பாரையைத் தொட்டிருக்கவே மாட்டேன்னு சொன்னாரு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தட்டு பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. சோறு கண்ணுக்குள் போயிற்று, இரத்தமும் போயிற்று.

"அப்படிப் பொய் சொல்ற ஆளா இருந்தா நான் அவரைக் கட்டியிருக்கவே மாட்டேன்டா" என்று கத்தினாள். கத்திவிட்டு உள்ளே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். அவரிடம் திரும்பிப் போகவும் இல்லை.